வழுவாத வாயும் வாளாவிருந்த வாயும்

தவறே செய்யாத மனிதன் உண்டா என்று கேட்டால் இல்லை என்று எவரும் உடனே விடையிறுத்துவிடுவர். தவறாகப் பேசவே இயலாத மனிதன் உண்டா என்று கேட்டால் சற்றே தயங்குவோர் இவ்வுலகில் பலகோடி உளர். கத்தோலிக்கத் திருச்சபை அப்படி ஒருவர் உண்டு என்று கூறுகிறது. எப்போதும் அல்ல, எதைப் பற்றியும் அல்ல. குறித்த முறையில், குறித்த பொருள் பற்றி ரோமாபுரியின் போப்பாண்டவர் பேசுங்கால் அவர் வாய் வழுவாது என்பது அச்சபையின் கோட்பாடு. 'தவறா வரம்' என்று அதற்குத் தமிழில் பெயரிட்டிருக்கின்றனர்.

தமிழ் மண்ணில் வளர்ந்தவன் காதுக்கு இது புதுமையாக ஒலிப்பதில் வியப்பில்லை. தருமிக்குப் பாட்டெழுதித் தந்தவன் கடவுளே ஆயினும் பாட்டிலே பிழையிருந்தால் பிழைதான் என்று சங்க மண்டபத்தில் எழுந்து நின்ற நக்கீரனை அல்லவா நாம் கொண்டாடுகிறோம்! கதைதான், ஆயினும் ஒரு மக்கட்கூட்டம் எந்தக் கதையைப் பேணி வைத்திருக்கிறது என்பதிலே அதன் உள்ளம் தெரியும். (அதே நக்கீரன் வெப்பந் தாளாமல் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்ததையும், பின்னர்ப் பணிந்து பாடியதையும் நாம் அவ்வளவு விருப்பத்தோடு சொல்வதில்லை.)

ஆனால் நக்கீரனைக் காட்டிப் போப்பாண்டவரை எள்ளி நகைத்துவிட்டுப் போவது ஆராய்ச்சி ஆகாது. ஒரு கோட்பாட்டை மறுக்க முனைவோன், அதை ஏற்றுக்கொண்டவன் எவ்வாறு எடுத்துரைப்பானோ அவ்வாறே முதலில் எடுத்துரைக்கக் கடமைப்பட்டவன்.

ஒன்பதாம் பயஸ் கூட்டிய வத்திக்கான் பொதுச்சங்கம் 1869ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8ஆம் நாள் தொடங்கிற்று. உலகெங்கும் இருந்து வந்து குழுமிய ஆயர்களிடையே இப்பொருள் பற்றிக் கடும் வழக்கு நிகழ்ந்தது. 1870 ஜூலை 13 அன்று நடந்த முன்வாக்கெடுப்பில் 451 பேர் ஒப்பினர்; 88 பேர் மறுத்தனர்; 62 பேர் திருத்தம் வேண்டினர். மறுத்தோரிற் பலர், போப்பாண்டவரின் முகத்துக்கு நேரே மறுத்துரைக்க மனமின்றி, இறுதி வாக்கெடுப்புக்கு முன்னரே ஊர் திரும்பிவிட்டனர். ஜூலை 18 அன்று, வெளியே இடியும் மின்னலும் மழையுமாக இருந்த வேளையில், 533 பேர் ஆம் என்றனர். இருவர் மட்டுமே இல்லை என்றனர். அவ்விருவரும் உடனே பணிந்தனர். இரண்டு திங்கள் கழிந்து, செப்டம்பர் 20 அன்று, இத்தாலியப் படை ரோமாபுரிக்குள் புகுந்தது. போப்பாண்டவரின் மண்ணாட்சி போயிற்று. மண்ணை இழக்கவிருந்த நேரத்தில் மனத்தின்மீது அத்துணைப் பெரிய உரிமை எழுதப்பட்டது என்பது வரலாற்றின் விளையாட்டு.

எழுதப்பட்டது யாது? போப்பாண்டவர் பாவமற்றவர் என்பதன்று. அவர் நாள்தோறும் பேசுவதெல்லாம் மறை என்பதுமன்று. எல்லாக் கிறித்தவர்க்கும் மேய்ப்பரும் ஆசானும் என்ற நிலையில், அரியணையில் அமர்ந்து, நம்பிக்கையோ ஒழுக்கமோ பற்றிய ஒரு கோட்பாட்டை, திருச்சபை முழுதும் ஏற்கவேண்டியதென வரையறுத்து அறிவிக்கும்போது மட்டும், அவ்வறிவிப்பு வழுவாது. பின்னர் மாற்றவும் இயலாது. இவ்வளவே. 1870க்குப் பின்னர் ஐயத்துக்கு இடமின்றி இவ்வுரிமை கையாளப்பட்டது ஒரே ஒரு முறைதான். 1950 நவம்பர் 1 அன்று, மரியன்னை உடலோடும் உயிரோடும் விண்ணகம் சேர்ந்தாள் என்று பன்னிரண்டாம் பயஸ் வரையறுத்தார்.

என் உடன்பணியாற்றும் கத்தோலிக்க நண்பர் ஒருவர் இதைத்தான் எடுத்துக்காட்டினார். நூற்றைம்பது ஆண்டுகளில் ஒருமுறை மட்டுமே உறையிலிருந்து உருவப்பட்ட வாளைக் கண்டு இவ்வளவு அச்சம் ஏன் என்பது அவர் வினா. வழக்கு என்று ஒன்று எழுந்தால் அதை முடித்துவைக்கக் கடைசி நடுவர் ஒருவர் வேண்டாமா என்பது அவரது அடுத்த வினா. மாவட்ட மன்றத்துக்கு மேல் உயர்நீதிமன்றம், அதற்கு மேல் உச்சநீதிமன்றம். அதற்கும் மேல், அதற்கும் மேல் என்று போய்க்கொண்டேயிருந்தால் வழக்கு என்றைக்குத் தீர்வது?

நல்ல வாதம். ஆனால் கடைசி நடுவர் என்பது வேறு, தவறாத நடுவர் என்பது வேறு. நெருக்கடி நிலையின்போது, 1976இல், உயிர்வாழும் உரிமைக்காக மன்றத்தின் கதவைத் தட்டவும் குடிமகனுக்கு வழியில்லை என்று நம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று அதுவே கடைசிச் சொல். 2017இல், ஒன்பது நடுவர் அமர்ந்த ஆயத்தில், அத்தீர்ப்பு பிழையென்று அதே மன்றம் அறிவித்தது. மன்றம் இடிந்து விழவில்லை. அதன் மதிப்பு கூடிற்று. முடிவு கூறும் உரிமையோடு முடிவை மாற்றும் நாணமும் சேர்ந்திருப்பதுதான் மனிதர் நடத்தும் எந்த ஆயத்துக்கும் அழகு.

இன்னொன்றும் உண்டு. வழுவாத வாய் ஒன்று இருப்பதாகவே கொள்வோம். அதைக் கேட்கும் செவி வழுவக்கூடியதுதானே? இவர் பேசுவது அரியணையிலிருந்தா, அன்றா? இது கோட்பாடா, வெறும் அறிவுரையா? இவற்றையெல்லாம் முடிவு செய்பவன் வழுவுடைய என் அறிவு. ஆயிரம் படி ஏறி உச்சியில் வழுவாமையை வைத்தாலும், முதற்படியில் நிற்பவன் நானே.

இதெல்லாம் தருக்கம். தருக்கத்தோடு நின்றால் இது ஐரோப்பியர் வீட்டுச் சண்டை என்று விட்டுவிடலாம். ஆனால் ரோமாபுரியின் அரியணைக்கும் தமிழகத்துச் சேரிக்கும் இடையே நானூறு ஆண்டு வழக்கு ஒன்று இருக்கிறது.

1606இல் மதுரைக்கு வந்தார் இராபர்ட் தெ நோபிலி. தத்துவ போதக சுவாமி என்று நம்மவர் அழைத்த இத்தாலியர். காவியுடுத்து, சந்தனம் பூசி, புலால் நீக்கி, துறவியாக வாழ்ந்தார். தம்மைத் தொடர்ந்து வந்த உயர்சாதியார் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம், அவை குலவழக்கமேயன்றிச் சமயச் சின்னம் அல்ல என்றார். மறுத்தவர் பலர். வழக்கு ரோமாபுரி சென்றது. 1623 ஜனவரி 31 அன்று பதினைந்தாம் கிரகோரி, மேலும் ஆராயப்படும்வரை அவ்வழக்கங்கள் இருக்கலாம் என்று ஆணையிட்டார். உயர்குலத்தார் மற்றவரை இகழலாகாது என்ற அறிவுரையும் அதிலே இருந்தது. ஆணை ஆணையாயிற்று, அறிவுரை அறிவுரையாகவே நின்றது! பின்னர்த் தாழ்ந்தோர் எனப்பட்டவர்களுக்கென்று 'பண்டார சுவாமிகள்' என்னும் தனிக் குருமார் ஏற்பட்டனர். ஒரே மறைக்கு இரண்டு வாயில்.

எண்பது ஆண்டுகள் சென்றன. போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த டூர்னோன், 1704இல் ஓர் ஆணை வெளியிட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. மாதவிலக்கான பெண்களைக் கோவிலுக்கு வராமல் தடுக்கக்கூடாது. திருமுழுக்கில் எச்சில் தொடும் சடங்கை விடக்கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனவர், ஒன்று சொன்னார்: நோயுற்ற பறையனை அவன் குடிசைக்கே சென்று குருவானவர் காண வேண்டும். அவனை வெளியே தூக்கிவரச் செய்தல் ஆகாது.

தமிழறியாத வெளிநாட்டார் ஒருவர், சில திங்களே இங்குத் தங்கியவர், இதைச் சொன்னார். தமிழை ஆழக் கற்று, நம் நடையுடை பாவனைகளை ஏற்று வாழ்ந்த இயேசு சபையார் இதை எதிர்த்தனர். சேரிக்குள் நுழைந்த குருவை மற்றச் சாதியார் தீண்டார், அவர் கைப்பணி நின்றுபோம் என்பது அவர்கள் அச்சம். நம் நாட்டை நன்கு அறிந்தவர், நம் நாட்டின் நோயையும் சேர்த்தே அறிந்து, அதனோடு உடன்பட்டுவிட்டார். தொலைவிலிருந்து வரும் ஆணையெல்லாம் கொடுமை, அருகிலிருந்து வரும் அறிவெல்லாம் நன்மை என்று எண்ணுவோர் இவ்விடத்திலே சற்று நின்று சிந்திக்கட்டும். நானும் நின்றுதான் கடந்தேன்.

வழக்கு நாற்பது ஆண்டு இழுத்தது. 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் முடிவு கூறினார். டூர்னோனின் தடைகள் பெரும்பாலும் உறுதி செய்யப்பட்டன. இங்கு வரும் ஒவ்வொரு மறைப்பணியாளரும் அவற்றைக் காப்பதாகச் சூளுரைக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அச்சூளுரை 1940இல்தான் நீங்கிற்று. பறையன் குடிசை என்னவாயிற்று? சேரிக்கென்றே தனியாகச் சில குருமாரை அமர்த்தும் ஏற்பாட்டைப் போப்பாண்டவர் ஒப்பினார். குடிசைக்குள் குரு செல்வார். ஆனால் அந்தக் குரு மற்றவர் வீட்டுக்கு உரியவர் அல்லர்.

மறு ஆண்டு, 1745இல், புதுச்சேரியில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பிலே எழுதிவைத்திருக்கிறார். சம்பா கோவிலுக்குள்ளே ஒரு சுவர். ஒருபுறம் பறையர், மறுபுறம் மற்றவர். நாங்களும் கிறித்தவராயின் எங்களுக்கு இந்தச் சுவர் ஏன் என்று அம்மக்களே குருமாரிடம் முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர் சீறியெழுந்தனர் என்பது வேறு கதை. அரியணை ஏதும் இல்லாதவர், எழுத்தறிவும் மறுக்கப்பட்டவர், ஒழுக்கம் பற்றிய ஒரு வினாவை எழுப்பினர், அவ்வினா வழுவவில்லை.

இங்கேதான் என் ஐயம் பிறக்கிறது. இறையியல் கற்றோர் உடனே சொல்வர்: 1623உம் 1744உம் அரியணையிலிருந்து எழுந்த வரையறைகள் அல்ல, அவை ஒழுங்குமுறை ஆணைகள், ஆகவே அவற்றில் குறையிருந்தாலும் தவறா வரத்துக்குப் பழுதில்லை. உண்மைதான். முழு உண்மை. அந்த உண்மைதான் என்னைக் கலங்கவைக்கிறது. நம்பிக்கைக்கும் ஒழுக்கத்துக்கும் வேலி கட்டி, அவ்வேலிக்குள்ளே வாய் வழுவாது என்று பாதுகாப்பும் செய்தபின், ஒரு மனிதனின் குடிசைக்குள் மற்றொரு மனிதன் காலடி வைப்பானா மாட்டானா என்பது வேலிக்கு வெளியே போய் விழுந்துவிட்டது. அது 'வழக்கம்', அது 'ஒழுங்கு'. தீண்டாமை ஒழுக்கக்கேடு இல்லையென்றால் வேறு எதை ஒழுக்கக்கேடு என்று சொல்வது?

வேலியின் பயன் பின்னரும் தெரிந்தது. பிற சமயத்தார் நாடுகளைக் கைப்பற்றவும் அவர்களை அடிமைகொள்ளவும் போர்ச்சுகல் மன்னருக்கு ஐந்தாம் நிக்கோலாஸ் 1452இலும் 1455இலும் ஆணைகள் வழங்கினார். இந்தியக் கடலில் அவர்கள் கொடி பறந்ததற்கும் அவ்வாணைகள் துணைநின்றன. 2023 மார்ச்சில் வத்திக்கான் அக்கருத்தைக் கைவிட்டு அறிக்கை விடுத்தது. அவ்வாணைகள் கத்தோலிக்க நம்பிக்கையின் வெளிப்பாடாக ஒருபோதும் கருதப்பட்டதில்லை என்றும் அதில் கண்டிருந்தது. கைவிட்டது நன்று, வாழ்த்துவோம். ஆனால் 1455இல் அதைப் படித்த மன்னனுக்கு, இது அரியணையிலிருந்து அல்ல என்று யார் சொன்னது?

தவறா வரம் தவறாகப் பேசுவதிலிருந்துதான் காக்கிறது. பேசவேண்டிய நேரத்தில் பேசாதிருக்கும் தவற்றிலிருந்து அது காப்பதில்லை; காப்பதாக அது சொன்னதும் இல்லை. வாய்க்குக் காவல் உண்டு, வாய்மூடலுக்குக் காவல் இல்லை. 1950இல் விண்ணேற்பை வரையறுத்த அதே பன்னிரண்டாம் பயஸ், யூதர் கொன்று குவிக்கப்பட்டபோது போதிய அளவு பேசினாரா என்ற வினா ஆராய்ச்சியாளரிடையே இன்னும் ஓயவில்லை. அவர் மறைவாகப் பலரைக் காத்தார் என்போரும் உளர். நான் அவ்வழக்கில் நடுவனாக அமர வரவில்லை. தவறாத வாய் படைத்தவரைப் பற்றியும் உலகம் கேட்கும் வினா, அவர் பேசியது சரியா என்பதாக இல்லை, ஏன் பேசவில்லை என்பதாக இருக்கிறது என்பதை மட்டும் குறிக்கிறேன்.

நண்பர் இதற்கும் விடை வைத்திருந்தார். வழக்கு எழுந்த பொருளைத்தான் வரையறுக்க வேண்டும். மனிதர் அனைவரும் ஒரே கடவுளின் மக்கள் என்பதில் திருச்சபைக்குள் யாருக்கு வழக்கு? 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இனம், பால், குலநிலை முதலியவற்றால் வேறுபாடு காட்டல் கடவுளின் விருப்பத்துக்கு மாறானது என்று தெளிவாகவே சொல்லிவிட்டதே! 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமாபுரி சென்றபோது, சாதி உணர்வு கிறித்தவர்க்கு ஆகாது என்று இரண்டாம் ஜான்பால் அவர்களிடமே கூறினாரே!

கூறினார், மறுக்கவில்லை. ஆனால் வழக்கு எங்கே இருந்தது? மரியன்னையின் விண்ணேற்பைப் பற்றி 1946இல் உலக ஆயர்களைக் கேட்டபோது ஏறத்தாழ எல்லாரும் ஒப்பினர். வழக்கே இல்லாத ஒன்று வரையறுக்கப்பட்டது. ரோமாபுரியில் தவறா வரம் அறிவிக்கப்பட்டு இரண்டே ஆண்டு கழித்து, 1872இல், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் எழுந்த கோவிலைப் பாருங்கள். வேளாளர் ஒருபுறமும் நாடார் மறுபுறமும் அமர, பீடம் மட்டும் இருவருக்கும் பொதுவாகத் தெரிய, கால்சட்டையின் இரு கால்களைப்போல் இரண்டு கிளையாகக் கட்டப்பட்ட கோவில் அது. 1910இல் கௌசானல் அடிகள் தடுப்பை இடித்தபோது வேளாளர் வழக்குமன்றம் ஏறினர். 2008 மார்ச்சில் எறையூரில் ஒரே கோவிலைச் சேர்ந்த கத்தோலிக்கரிடையே கலவரம் மூண்டு, காவலரின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். வழக்கு இல்லாத பொருளா இது?

அப்படியானால் உண்மைக்கு இருப்பிடம் எது, அரியணை இல்லையென்றால்? நான் ஆசிரியப் பணி புரியும் திருநின்றவூருக்கு இதுபற்றிச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் பெருங்கோவில் எழுப்பிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தான். அந்நாளில் நான் நின்றவூர்ப் பூசல் கட்டிய கோவிலுக்குச் செல்கிறேன், நீ வேறு நாள் பார் என்று கனவிலே சிவன் சொன்னதாகச் சேக்கிழார் பாடினார். பொருளில்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே அடித்தளம் இட்டு, தூண் நிறுத்தி, விமானம் எழுப்பிய கோவில் அது. கடவுள் கனவில் வந்தாரா என்ற ஆராய்ச்சியைப் பக்தரிடம் விட்டுவிடுவோம். மன்னன் செய்ததுதான் எனக்கு வியப்பு. என் கற்றளியே கோவில், ஏழையின் நினைப்பெல்லாம் கோவிலாகுமா என்று அவன் ஆணை பிறப்பிக்கவில்லை. தேரேறி நின்றவூர் வந்தான். பூசலின் கோவில் எங்கே என்று ஊராரைக் கேட்டான். இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகும் தேடினான். ஆட்சிபீடம் ஒரு தனிமனிதனின் உள்ளத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு நடந்து வந்த கதை.

பூசலார் மறையவர் என்பதையும் மறைக்கலாகாது. மனக்கோவில் கட்டியவன் நந்தனாக இருந்திருந்தால் மன்னன் இப்படி வந்திருப்பானா? நந்தனுக்குத் தில்லையில் தீ அல்லவா காத்திருந்தது! வழுவாமையைச் சட்டமாக எழுதி வைக்காத இடத்திலும் வாய்மூடல் உண்டு என்பதற்கு நம் வீட்டிலேயே சான்று கிடக்கிறது.

கத்தோலிக்கரிலும் பூசலாரின் கட்சியை உணர்ந்தவர் இருந்தனர். ஆங்கில நாட்டு நியூமன், தவறா வரத்தை ஏற்றுக்கொண்டவர். பின்னர்க் கர்தினாலாகி, 2019இல் புனிதர் பட்டமும் பெற்றவர். 1875இல் அவர் வெளியிட்ட மடலில், விருந்திலே வாழ்த்துக் கூறச் சொன்னால் முதலில் மனச்சான்றுக்கு, அதன் பின்னரே போப்பாண்டவருக்கு என்னும் கருத்துப்பட எழுதினார். ஜெர்மனியின் டோலிங்கருக்கு அந்த வரிசை போதவில்லை. கோட்பாட்டையே ஏற்க மறுத்தார். 1871இல் சபையிலிருந்து விலக்கப்பட்டார்.

வடக்கன்குளத்துக்கு மீண்டும் வருகிறேன். 1745இல் அங்கே திருமுழுக்குப் பெற்றவர் நீலகண்டப் பிள்ளை; தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார். 1752இல் திருவிதாங்கூர் அரசின் வீரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப்பாண்டவர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என அறிவித்தார். புனிதர் அறிவிப்பிலும் தவறா வரம் உண்டு என்பது இறையியலார் பலரின் கருத்து. அவ்வறிவிப்புக்கு முன்னர், பெயரின் பின்னே ஒட்டியிருந்த 'பிள்ளை' வேண்டா என்று இங்கிருந்து எழுந்த குரலைக் கேட்டு, வத்திக்கான் அச்சொல்லை நீக்கியது. குரல் இங்கிருந்து சென்றது, அரியணை கேட்டது, பெயர் திருந்தியது. 1745இல் சம்பா கோவிலில் நடந்ததும் இதுவேதான்.

ஆதலின் நண்பரிடம் ஒரே ஒரு வினாவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'பிறப்பினால் எவரும் தாழ்ந்தவரல்லர்' என்பது நம்பிக்கையும் ஒழுக்கமும் என்ற வேலிக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே என்றால், மறுப்போன் சபைக்குப் புறம்பானவன் என்று, விண்ணேற்பைச் சொன்ன அதே உறுதியோடு, அதே அரியணையிலிருந்து, ஏன் இன்னும் சொல்லப்படவில்லை? தம் பங்குக் குருவிடம் கேட்டு வருவதாகச் சொல்லிக் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவரும் அந்த விடையை அறிய விரும்புகிறார் என்றே எனக்குத் தோன்றிற்று.